புழக்கடையில் ஒரு கணக்கு நோட்டு

கோமுகி அணையின் தண்ணீர் பாயும் ஊர் அது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மேற்கே போனால், கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே ஓட்டு வீடுகள். வீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. தை மாதத்து விடியலில் மலை தெரியாது, பனிதான் தெரியும். அந்த நேரத்தில் முருங்கை மரத்தடிச் சருகுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கும். யாரோ யாரையோ ஒளிந்துகொண்டு கூப்பிடுவது போல இருக்கும்.

"ஆயா, அது என்னா சத்தம்?"

"அதுவா கண்ணு, மணி ஆறு ஆச்சுன்னு சொல்லுது. சாயங்காலமும் இதே நேரத்துக்கு ஒரு தரம் சொல்லும் பாரு."

பாட்டி சொன்னது கதை இல்லை. அந்தப் பறவைக்குப் பெயரே ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது, குட்டை வால். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறம் இருந்தும் நிழலில் சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்றுகொண்டிருந்தால் கண்ணில் படாது. இது நம் ஊர்ப் பறவையும் இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துவிட்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில் தெற்கே இறங்கி வருகிறது. பறப்பது இரவில். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள உடம்பு இத்தனை தூரத்தைக் கடந்து வந்து, ஒரு வீட்டு முருங்கை மரத்தடியில் நாலைந்து மாதம் குடியிருந்துவிட்டு, பங்குனி வாக்கில் திரும்பிப் போய்விடும்.

இந்த வீட்டில் அதைக் கேட்டு எழுதி வைத்தது எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவள் அப்பா கேட்டுக்கொண்டார். காரணம் பின்னால் வருகிறது.

பதினைந்து நிமிடம் போதும்

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் பள்ளி ஆசிரியர் ஒரு வேலை கொடுத்திருந்தார். நான்கு நாளும் காலையில் பதினைந்து நிமிடம் வீட்டுப் புழக்கடையிலோ வயல் வரப்பிலோ நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும், ஒவ்வொன்றிலும் எத்தனை என்பதையும் எழுதி வர வேண்டும். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' இப்படித்தான் நடக்கிறது. பிப்ரவரி நடுவில் உலகம் முழுவதும் நான்கு நாட்கள் நடக்கும் 'புழக்கடைப் பறவைகள் கணக்கெடுப்பு' இதற்கு மூத்தது. 1998-இல் அமெரிக்காவில் கார்னல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கியது. 2013-இலிருந்து உலகத்துக்கே பொதுவானது. இந்தியாவும் அந்த ஆண்டிலிருந்து கலந்துகொள்கிறது. எழுதியதைக் கைப்பேசியில் 'இ-பேர்டு' செயலியில் ஏற்றினால் அது பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். செயலிக்குக் காசு இல்லை.

இது பட்டணத்துக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நிலத்தில் நிற்கிறவருக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் பயன்படும். எந்தப் பறவை எந்த வாரத்தில் வந்தது, எது காணாமல் போனது என்பது வயலில் என்ன பூச்சி இருக்கிறது, என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி. மழைமானி வைத்து மழையை எழுதி வைக்கும் விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பொங்கலன்று காலை அவள் நோட்டில் இருந்தது இது. தவிட்டுக்குருவி 9. மைனா 6. கரிச்சான் 2. மணிப்புறா 4. செம்போத்து 1. கொண்டைக்குருவி 3. தையல் சிட்டு 1, சத்தம் மட்டும். தகைவிலான் குருவி, மின்கம்பியில், 'நிறைய' என்று எழுதி அடித்துவிட்டு 34. மயில் 3. ஆறுமணிக்குருவி 1, சத்தம் மட்டும்.

சத்தத்தை மட்டும் கேட்டாலும் எழுதலாம், தப்பில்லை. 'நிறைய' என்று எழுதுவதுதான் தப்பு. முப்பதா முன்னூறா என்பது தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மயிலுக்கு வைத்தது

அந்த மூன்று மயில்தான் பிரச்சினை. மார்கழிக் கடைசியில் முக்கால் ஏக்கரில் இறவை நிலக்கடலை விதைத்திருந்தார்கள். விதைப் பருப்பு விலை எல்லோருக்கும் தெரியும். முளை மண்ணைப் பிளக்கும் நேரம் பார்த்து, விடிந்ததும் மயில்கள் சாலைப் பிடித்துக்கொண்டு கிளறிப் போட்டன. ஒரு வாரத்தில் வரப்பை ஒட்டி நான்கு சால் மொட்டை.

"ஒரு வாரமா ஓடி ஓடி வெரட்டுறேன். நான் இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம் போவுது. கடன் வாங்கி வெதச்சவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்" என்கிறார் அப்பா.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், வீட்டில் மிச்சம் கிடந்த குருணை மருந்தை அரிசியில் பிசைந்து வரப்போரம் தூவினார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காணும் பொங்கல். காலையில் வீட்டுக்காரம்மா கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். எட்டு மணிக்குள் நான்கு நாட்டுக்கோழி கழுத்தை மடக்கிக்கொண்டு விழுந்தன. வரப்போரம் மணிப்புறா இரண்டு, மைனா ஒன்று, தவிட்டுக்குருவி ஐந்து. மயில் ஒன்றுகூடச் சாகவில்லை. அன்றைக்கு அவை வேறு பக்கம் மேயப் போயிருந்தன.

"முட்டை வித்துத்தான் பாப்பாவுக்கு நோட்டுப் பொஸ்தகம் வாங்குறது. அதக்கூட அவரு யோசிக்கலியே அத்தைன்னு மாமியார்கிட்டச் சொல்லி அழுதேன்" என்கிறார் அந்த அம்மா. மாமியார் மகனைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "புள்ள அந்த வரப்புலதானடா தெனமும் நின்னு எழுதுது?"

மகளுக்கு வேறொரு சந்தேகம். விடுமுறை முடிந்ததும் ஆசிரியரிடம் போய், "சார், செத்துக் கெடந்ததையும் கணக்குல சேக்கலாமா?" என்று கேட்டாள். உயிரோடு பார்த்ததைத்தான் கணக்கில் எழுத வேண்டும், மற்றதைத் தனிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வை என்றார் ஆசிரியர். எப்படிச் செத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் அவள் அப்பா நினைத்துப் பார்க்கிறார்.

நான்காம் நாள் கணக்கில் தவிட்டுக்குருவி 4. இந்தக் குருவி எப்போதும் கூட்டமாகத்தான் இருக்கும். ஒரு கூட்டம் என்பது ஒரு குடும்பம். ஒரு சோடி முட்டையிட, மற்றவை குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். பாதிக் கூட்டம் போனால் மிச்சம் இருப்பவற்றால் குஞ்சை வளர்த்தெடுப்பது கடினம். அந்த நான்கும் அன்று காலை முழுவதும் வேலிக்கும் வரப்புக்குமாகக் கத்திக்கொண்டே திரிந்தன என்று நோட்டில் எழுதியிருக்கிறாள்.

குருணைக்குள் இருப்பது

குருணை என்று பொதுப்பெயரில் கேட்டு வாங்கும் மருந்துகளில் கார்போபியூரான் முக்கியமானது. நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் வேறு சில பயிர்களில் நூற்புழுவுக்கும் மண்ணில் இடுவதற்காக உள்ளது. பறவைகளுக்கு இது மிகக் கொடியது. செரிமானத்துக்காக மணலும் சிறு கல்லும் பொறுக்கும் பழக்கம் பறவைகளுக்கு உண்டு. குருணை அவற்றுக்கு மணலாகவோ விதையாகவோ தெரியும். சிட்டுக்குருவி அளவுள்ள பறவைக்கு ஒரே ஒரு குருணை போதும். இதனால்தான் அமெரிக்காவில் 1990-களின் முதல் பாதியிலேயே குருணை வடிவக் கார்போபியூரானைப் பெரும்பாலான பயிர்களிலிருந்து விலக்கினார்கள். இந்தியாவில் 2023-இல் வந்த மத்திய அரசு ஆணை, 3 சதவீத உறையிட்ட குருணை தவிர இதன் மற்ற வடிவங்களைத் தடை செய்தது. மிச்சம் இருக்கும் அந்த ஒன்றும் பயிருக்கு மட்டும்தான். அரிசியில் பிசைந்து தூவ அதற்கு அனுமதி இல்லை.

அதே ஆணையில் படிப்படியாக நிறுத்தச் சொல்லியிருப்பது மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திரவம். இந்த மருந்துக்கு உலகம் அறிந்த ஒரு கதை உண்டு. 1995-96 பருவத்தில் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்காக இதைத் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலம் கழிக்க அங்கே போயிருந்த ஒரு வகைப் பருந்துகள், அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று வயலிலும் மரத்தடியிலும் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. இத்தனைக்கும் அந்தப் பருந்துகள் வெட்டுக்கிளியைத் தின்ன வந்தவை, விவசாயிக்குக் கூலியில்லாத வேலையாள். வட அமெரிக்காவில் கூடுகட்டும் இடத்தில் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து, எங்கே போய்ச் சாகின்றன என்று தேடிக்கொண்டு போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதன்பிறகு அர்ஜென்டினா அந்த மருந்தை விலக்கியது. எண்ணி வைத்தவர்கள் இருந்ததால்தான் குறைந்தது தெரிந்தது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பெயர் வேண்டாம் என்று அந்த அப்பா கேட்டதற்கு இதுதான் காரணம். முக்கால் ஏக்கர் கடலைக்காக ஒரு குடும்பம் எவ்வளவு பெரிய பள்ளத்தின் ஓரத்தில் நின்றது என்பது அவருக்கு மறுநாள்தான் புரிந்தது.

விஷம் தின்று செத்த கோழியை நாய்க்குப் போடக் கூடாது. குழம்பும் வைக்கக் கூடாது. வேக வைத்தால் விஷம் போகும் என்பது தவறு. கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மருந்து பிசைந்தவருக்கோ குழந்தைக்கோ வாந்தி, வியர்வை, எச்சில் வடிதல், கண்பாவை சுருங்குதல் இருந்தால் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். டப்பாவைப் பார்த்தால்தான் மருத்துவர் மாற்று மருந்தைச் சரியாகத் தேர்வு செய்ய முடியும்.

ஆபத்து பத்துப் பதினைந்து நாள்தான்

மயில் சேதம் செய்வது உண்மை. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, எண்ணிக்கை பெருகிவரும் பறவைகளில் மயிலை முன்னால் வைக்கிறது. குயிலும் பெருகியிருக்கிறது. விவசாயி மிகைப்படுத்திப் பேசுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நிலக்கடலையில் மயிலும் காக்கையும் விதையைத் தோண்டும் காலம் விதைத்ததிலிருந்து இரண்டு இலை விரியும் வரைதான், பத்துப் பதினைந்து நாள். அதிலும் விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும் சாயங்காலம் நான்கு மணிக்குமேலும்தான் மேயும். இந்த நேரத்துக்கு மட்டும் காவலைக் குவித்தால் போதும். அந்த வீட்டில் பிறகு செய்தது இதுதான். மயில் இறங்கி வரும் பக்கம் பழைய சேலைகளை இடுப்பு உயரத்துக்கு வேலியாகக் கட்டினார்கள். மயில் பறக்கும் என்றாலும், மேய வரும்போது பெரும்பாலும் நடந்துதான் வயலுக்குள் நுழையும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் கால் வைக்கத் தயங்கும். சிவப்பும் வெள்ளியுமாக மினுங்கும் நாடாவைக் குச்சிக்குக் குச்சி முறுக்கிக் கட்டினார்கள். வெயிலும் காற்றும் இருந்தால்தான் அது வேலை செய்யும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பறவைக்குப் பழகிப்போகும். ஆகவே பயிர் தலை தூக்கியதும் கழற்றி எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள். பக்கத்து வயல்காரரோடு பேசி அடுத்த பட்டத்தில் ஒரே வாரத்தில் விதைக்கலாம் என்றும் முடிவு. தனியாக ஒரு வயல் மட்டும் முளைத்தால் ஊர்ப் பறவை எல்லாம் அங்கேதான் இறங்கும்.

மொட்டையான நான்கு சாலில் போக்கிடம் விட்டு உளுந்து ஊன்றினார்கள். கடலை விதை மறுபடி வாங்க வழியில்லை.

மீன்வலையை விரித்துக் கட்டுவது வேண்டாம். அதில் பாம்பும் கூகையும் சிக்கிச் சாகும். எலியைப் பிடிப்பவர்களைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்க வேண்டியிருக்கும்.

மக்காச்சோளத்தில் கிளிக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. கிளி பெரும்பாலும் வயலின் ஓரத்து வரிசைகளில்தான் உட்காரும். பால் பிடிக்கும் நேரத்தில் ஓரத்து இரண்டு மூன்று வரிசையில் கதிரை அதே செடியின் இலையால் சுற்றி மூடிவிட்டால் கிளிக்குக் கதிர் கண்ணில் படாது. ஆள்கூலி கொஞ்சம் ஆகும். சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் அதிகம் வைக்கிறவர்கள் ஒரு முறை ஓரத்தில் செய்து பார்க்கலாம்.

மலையில் வேறு கணக்கு. வெள்ளிமலைப் பக்கம் சாமையும் கேழ்வரகும் போடும் மலைவாழ் குடும்பங்கள் கதிர் முற்றும் காலத்தில் பரண் கட்டி, கவண் எடுத்துக் காவல் இருக்கும். வள்ளி தினைப்புனம் காத்த காலத்து முறைதான். தினைக்குருவிக் கூட்டம் ஒரு சத்தத்துக்கு எழும்பி அடுத்த காட்டில் இறங்கும். அங்கே அடுத்த பரணில் சத்தம். பறவையும் சாகாது, கதிரும் பெரும்பங்கு வீடு வரும். ஆள் வேண்டும், அதுதான் இப்போது இல்லை.

கரிச்சானுக்கு ஒரு நாற்காலி

மாசி பிறந்ததும் கடலையில் புரொடீனியாப் புழு இலையைச் சுரண்ட ஆரம்பித்தது. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் மகள் சொன்னாளாம்: "அப்பா, கரிச்சான் மோட்டார் கொட்டாய் மேலதான் உக்காருது. வயலுக்கு நடுவுல உக்கார எடமே இல்ல."

அவள் எழுதி வைத்திருந்த குறிப்பு அது. கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி உயரத்தில் உட்கார்ந்து, கீழே அசைவதைப் பார்த்துப் பாய்ந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். உட்கார இடம் இல்லாத வயலில் அதனால் வேலை செய்ய முடியாது. பயிருக்கு மேல் ஒன்றிரண்டு அடி உயரம் இருக்கும்படி, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சி நட்டால் போதும். வேளாண் துறை பறவைத் தாங்கி என்று பரிந்துரைப்பது இதைத்தான். ஏக்கருக்குப் பத்து முதல் இருபது வரை நடலாம். அந்த முக்கால் ஏக்கருக்குப் பன்னிரண்டு நட்டார்கள். மூன்றாம் நாள் நோட்டில் கரிச்சான் 2, தாங்கி மேல். ஒரு வாரம் கழித்துக் கரிச்சான் 3, மைனா 7, சின்னப் பஞ்சுருட்டான் 2.

அதனால் புழு முழுவதும் ஒழிந்துவிட்டது என்று எழுதினால் பொய். வரப்போரம் நட்ட ஆமணக்கில் முட்டைக் குவியலைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி எரித்தார்கள். ஒரு முறை வேப்பங்கொட்டைச் சாறும் தெளித்தார்கள். பறவை ஒரு பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்று தாங்கிக்குக் கீழே விழுந்துகிடந்த எச்சத்தில் புழுத் தலைகளைப் பார்த்து அப்பாவே ஒரு மதிப்புக்கு வந்திருக்கிறார். 2018-இல் படைப்புழு மக்காச்சோளத்தில் புகுந்ததிலிருந்து தாங்கி நடும் பழக்கம் இந்த மாவட்டத்திலும் மெல்லப் பரவுகிறது. அந்தப் பயிரில் புழு குருத்துக்குள் ஒளிவதற்கு முன்பே, பயிர் சிறியதாக இருக்கும்போது தாங்கி இருக்க வேண்டும்.

மறக்கக் கூடாதது, தானியப் பயிரில் பால் பிடிக்கும் சமயம் தாங்கியைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அதே குச்சியில் கிளியும் சில்லையும் வந்து உட்காரும்.

பின்பனியில் மாறும் முகங்கள்

நம் முன்னோர் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பகல் வெயில் சுடத் தொடங்கினாலும் விடியலில் பனி இருக்கும். வீட்டைச் சுற்றிப் பறவைக் கூட்டம் ஆள் மாறுவது இந்த இரண்டு மாதங்களில்தான். கவனிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

முதலில் மரம் சொல்லும். வேலியில் வெற்றிலைக்கோ மிளகுக்கோ நட்ட கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். இலவமும் அப்படியே. மலை ஏறும் வழியில் புரசு பற்றி எரிவது போல நிற்கும். தேனுக்காக மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு எல்லாம் ஒரே மரத்தில் சண்டை போடும். ஊதாத் தேன்சிட்டின் ஆணைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த சமயத்தில் பெட்டையைப் போலவே மங்கிய நிறம், நெஞ்சில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. தை, மாசியில் திட்டுத் திட்டாக நிறம் மாறி, பங்குனிக்குள் முழுக்க மின்னும் கருநீலம் ஆகிவிடும். நோட்டில் அவள் இதை 'அழுக்குச் சட்டை போட்டது' என்று எழுதியிருக்கிறாள்.

அடுத்தது சத்தம். தூரத்தில் யாரோ செம்புப் பாத்திரம் தட்டுவது போல 'டுக் டுக் டுக்' என்று இடைவிடாமல் கேட்டால் அது குக்குறுவான். அரசமரமோ ஆலமரமோ பக்கத்தில் இருக்கும். குண்டுக்கரிச்சான் வீட்டு முகட்டிலோ மின்கம்பத்திலோ ஏறி விடியலில் பாட ஆரம்பிக்கும். குயில் மாசிக் கடைசியில் ஒன்றிரண்டு தடவை கூவிப் பார்த்துவிட்டு, காக்கை கூடு கட்டத் தொடங்கும் நேரத்தில் நாள் முழுவதும் கூவும். அதற்குக் காக்கையின் கூடுதான் தொட்டில். இந்தப் பருவத்தில் பாடுவது பெரும்பாலும் ஆண்தான். இடம் பிடித்துவிட்டேன், வேறு யாரும் வராதே என்று மற்ற ஆண்களுக்கும், இங்கே இருக்கிறேன் என்று பெட்டைக்கும் சொல்கிறது.

அதே நாட்களில் சத்தமில்லாமல் கிளம்புகிறவர்களும் உண்டு. வேலியில் 'டிக் டிக்' என்று நாக்கைத் தட்டுவது போல ஒலி எழுப்பிக்கொண்டிருந்த மண்நிறச் சிறு கதிர்க்குருவி மத்திய ஆசியா வரை போகும். வயலில் மாட்டின் பின்னால் ஓடிய மஞ்சள் வாலாட்டியும், கள்ளி முள்ளில் உட்கார்ந்திருந்த பழுப்புக் கீச்சானும் அதற்கும் வடக்கே. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள் பங்குனியில் ஒரு நாள் முப்பது இருக்கும், இரண்டு நாள் கழித்து எண்பது இருக்கும், அப்புறம் கம்பி வெறும் கம்பியாக இருக்கும். கிளம்பும் முன் கூடுகின்றன.

சூறைக்குருவியைச் சொல்லாமல் விட முடியாது. இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாக, மைனா போலவே இருக்கும். நூற்றுக்கணக்கில் வந்து சோளக் கதிரில் இறங்கினால் வயல்காரருக்கு வயிறு எரியும். சோளக்குருவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே குருவிக்குச் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் அரசே கல்லடுக்கிக் கூடுகட்ட இடம் செய்து கொடுக்கிறது. அங்கே அது குஞ்சு வளர்க்கும் காலம். மேய்ச்சல் நிலத்தை அழிக்கும் வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிறது. நம்மிடம் குளிர்காலத்தில் தானியமும் பழமும் பூத்தேனும் தேடுகிறது, வெட்டுக்கிளி கிடைத்தால் அதையும் விடுவதில்லை. ஒரே பறவை, இரண்டு நாட்டில் இரண்டு பெயர் வாங்குகிறது.

குறைந்துகொண்டே வருகிற ஒன்றையும் அந்த நோட்டு காட்டியது. பனங்காடை. கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும், பறந்தால் இறக்கை நீலமாக விரியும். பாட்டி சின்ன வயதில் கம்பங்கொல்லைக்கு ஒரு சோடி இருந்தது என்கிறார். நான்கு மாதத்தில் பேத்தி எழுதியது மொத்தம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 1. எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவரும் பழகிய பறவைகளில் ஒன்றாக 2023 அறிக்கையும் பனங்காடையைச் சொல்கிறது. வெட்டுக்கிளி, வண்டு, சுண்டெலி தின்னும் பறவை. மொட்டைப் பனையின் பொந்தில் கூடு வைக்கும். நம் பக்கம் மொட்டைப் பனை என்றால் செங்கல் சூளைக்கு விறகு. கிளி, மைனா, கூகை எல்லாமே அந்தப் பொந்தை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு கூகை ஒரு ராத்திரியில் ஒன்றிரண்டு எலியாவது பிடிக்கும், குஞ்சு இருந்தால் இன்னும் கூடும். வரப்பில் நிற்கும் ஒரு செத்த பனைக்கு விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வாய் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். பங்குனி, சித்திரையில் தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பூனை பாய முடியாத திறந்த இடத்தில் வைக்க வேண்டும். புழக்கடைச் சருகை முழுவதும் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் விட்டால் ஆறுமணிக்குருவிக்கும் தவிட்டுக்குருவிக்கும் அதுதான் சாப்பாட்டு இலை. ஓணான் கொடியும் நொச்சியும் கிளுவையும் கலந்த பழைய உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறவர்கள், ஒரு பக்கமாவது அதை விட்டு வைக்கலாம்.

பங்குனி இரண்டாம் வாரத்திலிருந்து நோட்டில் 'ஆறுமணிக்குருவி' என்ற வரிக்கு எதிரே கோடு மட்டும் இருக்கிறது. நான்கு நாள் தொடர்ந்து கேட்காததும் பாட்டியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"போயிடுச்சா? ஐப்பசி மழைக்கு வந்துரும் கண்ணு. அந்தச் சருகு மூலைய ஒங்கப்பன் கூட்டாம இருந்தா சரி."

அடுத்த பக்கத்தில் வேறொரு கையெழுத்து. எழுத்து பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போகிறது. பங்குனி 19, காலை 6.20, கடலைக் காடு. கரிச்சான் 4. தவிட்டுக்குருவி 4, அதில் ஒன்று வாயில் நாருடன். மயில் 2, விரட்டிவிட்டேன்.